தொட்டியில மூணாவது மீன்

"மீனுக்கு என்னங்க தெரியும்? எல்லாம் பொறக்கும்போதே உள்ள எழுதி வச்சது, அது அப்படியே ஆடுது." மீன்களோட காதல் ஆட்டம் பத்திப் பேச்சு வந்தாலே இந்த வரி எங்கிருந்தாவது வந்து விழுந்துடும். காணொளிகள்லயும் இதே கதைதான். ஒரு ஆண் மீன் துடுப்பை விரிச்சுக்கிட்டுப் பெண்ணைச் சுத்திச் சுத்தி வரும், பின்னணிக் குரல் "இயல்பூக்கம்"னு ஒரே வார்த்தையில கதையை முடிச்சுடும். எனக்கு இதுல எரிச்சல் வருது. முழுப் பொய்யா இருந்திருந்தா இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது, பாதி உண்மையா இருக்கிறதுதான் பிரச்சினை. அந்தக் காட்சியில நமக்குக் காட்டப்படுறது ரெண்டே ரெண்டு மீன். அதுக்கு வெளிய யார் நிக்கிறாங்க, யார் பாத்துக்கிட்டு இருக்காங்க, நேத்து அங்க யார் யாரோட சண்டை போட்டு ஜெயிச்சாங்கன்னு யாரும் கேக்கிறதே இல்ல. இதையெல்லாம் கணக்குல எடுக்காம "இந்த மீனோட சுபாவம் இப்படி"ன்னு சொன்னா, அந்த மீனைப் பத்தி நாம உருப்படியா எதுவும் சொல்லலைன்னு நான் நினைக்கிறேன். காதலிக்கிற மீன் எப்பவும் சபை பாத்துதான் காதலிக்குது. இதை நான் சும்மா அழகுக்காகச் சொல்லல, நல்ல சான்றுகள் இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க, ஒவ்வொண்ணாப் பாப்போம்.

அந்தப் பாதி உண்மை எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடணும், ஏன்னா அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய மனுஷர் இருக்காரு. நெதர்லாந்தோட லைடன் நகரத்துல, 1930-கள்ல, நீக்கோ டின்பெர்கன் ஸ்டிக்கில்பேக்னு ஒரு சின்ன முள்மீனை வச்சு ஆராய்ச்சி பண்ணாரு. இனப்பெருக்கக் காலத்துல ஆணோட வயிறு சிவந்துடும். முட்டையால வயிறு உப்பின ஒரு பெண் தன் எல்லைக்குள்ள வந்தா ஆண் வளைஞ்சு வளைஞ்சு ஆடும். பெண் தலையைத் தூக்கி வயித்தைக் காட்டும். ஆண் கூட்டுக்கு வழி காட்டும், பெண் பின்னாடியே போகும், ஆண் கூட்டு வாசலைக் காட்டும், பெண் உள்ள நுழையும், ஆண் அதோட வால் பக்கத்தை மூக்கால தட்டிக்கிட்டே இருக்கும், முட்டை விழும். ஒரு அசைவு அடுத்த அசைவைத் தூண்டுது, அது அதுக்கடுத்ததைத் தூண்டுதுன்னு அவர் பொறுமையாப் பிரிச்சுக் காட்டினாரு. மீன் மாதிரியே இல்லாத ஒரு பொம்மையோட அடிப்பக்கத்துல சிவப்பு பூசிக் காட்டினாக்கூட ஆண் மீன் அதைப் போட்டியாளனா எடுத்துக்கிட்டுப் பாய்ஞ்சுது. 1973-ல கான்ராட் லோரென்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ரெண்டு பேரோட சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது, கிடைக்க வேண்டியதுதான். ஆனா அந்தச் சங்கிலியைப் பாடப்புத்தகத்துல அம்புக்குறி போட்டு வரைஞ்சப்ப ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண், சுத்தி வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாள்தான் நம்ம மனசுல ஒட்டிக்கிச்சு. ஒரு ஜோடியை மட்டும் பிரிச்சு வச்சுப் பாத்தா விஷயம் எளிமையாத் தெரியும், ஆராய்ச்சிக்கு அது தேவையும்கூட. அந்த எளிமை மீனோட குணம்னு நாம எடுத்துக்கிட்டதுதான் தப்பு.

இப்ப ஆப்பிரிக்காவோட டாங்கனிக்கா ஏரிக்குப் போவோம். அங்க அஸ்டடோடிலாப்பியா பர்ட்டோனின்னு ஒரு சிக்லிட் மீன் இருக்கு (பேர் நீளம், பர்ட்டோனின்னே கூப்பிடுவோம்). இதுல ஆண்களுக்கு ரெண்டு விதமான வாழ்க்கை. எந்த நேரத்துலயும் ஒரு சின்னப் பங்கு ஆண்கள்கிட்டதான் சொந்தமா எல்லை இருக்கும். அந்தத் தலைமை ஆண்களோட உடம்பு பளிச்சுன்னு நீலமாவோ மஞ்சளாவோ இருக்கும், கண்ணுகிட்ட ஒரு கருப்புக் கோடு ஓடும். மண்ணுல பள்ளம் தோண்டும், மத்த ஆண்களை விரட்டும், பெண் வந்தா உடம்பை நடுக்கிக் காட்டிப் பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போகும். பெண் முட்டை போட்ட உடனே அதை வாயில அள்ளிக்கும். ஆணோட அடித்துடுப்புல முட்டை மாதிரியே புள்ளிகள் இருக்கும், பெண் அதையும் வாய்கிட்ட கொண்டுபோகும்போது விந்து உள்ள போய் வாய்க்குள்ளயே கருவுறும். (இதை முதல் தடவை படிக்கிறவங்க கொஞ்ச நேரம் நின்னு யோசிக்கலாம், தப்பே இல்ல.) எல்லை இல்லாத மீதி ஆண்கள் சாம்பல் நிறத்துல, பாக்கப் பெண் மாதிரியே, கூட்டத்தோட கூட்டமாத் திரியும். துரத்தாது, ஆடாது. இந்த அடங்கின ஆணைப் பாத்து "இதுக்குக் காதல் ஆட்டம் தெரியாது"ன்னு ஒருத்தர் எழுதினா அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியுறது அப்படித்தான்.

ஆனா அதுக்குத் தெரியும். ஜூலி டெஸ்ஜார்டின்ஸ், ஹான்ஸ் ஹோஃப்மன், ரஸ்ஸல் ஃபெர்னால்ட் மூணு பேரும் 2012-ல வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பாத்துச்சு. அடங்கின ஆண் ஒண்ணு தலைமை ஆணோட பார்வையில படுற நேரம், படாத நேரம்னு ரெண்டு நிலைமையிலயும் அதோட நடத்தையை ஒப்பிட்டாங்க. பார்வையில இருக்கிற வரைக்கும் அது பூனை மாதிரி பதுங்கிக் கிடக்கு. பார்வை மறைஞ்ச உடனே அதே மீன் சண்டைக்கும் தயார், பெண்கிட்ட ஆடவும் தயார். மீன் மாறல, தண்ணி மாறல, பெண்ணும் மாறல, ஒரு ஜோடிக் கண்ணு இருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான் மாறினது. அதே ஆய்வோட இன்னொரு பகுதியில தலைமை ஆண்களையே சோதிச்சாங்க. சண்டை நடக்கும்போது யார் வேடிக்கை பாக்கிறாங்கங்கிறதை மாத்தி மாத்தி வச்சாங்க. வேடிக்கை பாக்கிறது தன்னைவிடக் கீழ்ப்பட்டவங்கன்னா ஆண் தன் பலத்தையும் ஆட்டத்தையும் காட்டுது. தன்னைவிடப் பெரிய தலைமை ஆண் நின்னா ரெண்டையும் நிறுத்திடுது. அப்போ "பர்ட்டோனி ஆண் இவ்வளவு ஆடும்"னு பொத்தாம் பொதுவா ஒரு அளவு சொல்ல முடியுமா? யார் முன்னாடிங்கிற கேள்வி இல்லாம அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது.

இங்க ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். "இதுல என்ன பெருசா இருக்கு? பெரிய மீனைக் கண்டு சின்ன மீன் பயப்படுது, அவ்வளவுதானே. இதைப் போய் சபை, கணக்குன்னு பெருசாக்குறீங்களே." பயம் இருக்குங்கிறதை நான் மறுக்கல. ஆனா பயத்தோட கதையை அத்தோட முடிக்க முடியாது. முதல்ல, யாரைக் கண்டு பயப்படணும்னு தெரிஞ்சாகணும், அதுக்கு மத்தவங்களோட நிலையைக் கவனிச்சு வச்சிருக்கணும். இதே பர்ட்டோனியை வச்சு லோகன் குரோசெனிக், ட்ரிஷியா கிளெமென்ட், ஃபெர்னால்ட் மூணு பேரும் 2007-ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு ஆண் மீனை ஓரமா வச்சு, வேற அஞ்சு ஆண்களோட சண்டைகளை ஜோடி ஜோடியா வேடிக்கை பாக்க விட்டாங்க. முதல் ஆண் ரெண்டாவதை ஜெயிக்குது, ரெண்டாவது மூணாவதை, மூணாவது நாலாவதை, நாலாவது அஞ்சாவதை. ரெண்டாவதும் நாலாவதும் நேருக்கு நேர் மோதினதை அது பாக்கவே இல்ல. அப்புறம் அந்த ரெண்டையும் பக்கம் பக்கமா வச்சா, வேடிக்கை பாத்த மீன் பலவீனமான நாலாவது பக்கமாப் போய் நிக்குது. பாத்ததை வச்சுப் பாக்காததைக் கணிக்குதுன்னு அர்த்தம். இவ்வளவு தெரிஞ்ச ஒரு பிராணி பெரியவன் முன்னாடி ஆட்டத்தை நிறுத்துதுன்னா, அதை வெறும் நடுக்கம்னு ஒதுக்குறது எனக்குச் சரியாப் படல. ரெண்டாவது காரணம் இன்னும் பலமானது. பயத்துக்கே இடமில்லாத இடத்துலயும் இந்தச் சபைக் கணக்கு நடக்குது.

நம்ம ஊர்ல ஃபைட்டர்னு சொல்றோமே, சென்னை கொளத்தூர்ல கடை கடையா சின்னப் பாட்டில்கள்ல தனித்தனியா வச்சு விக்கிற தாய்லாந்து மீன், அதை எடுத்துக்குவோம். பாட்டில்ல தனியா நிக்கிறதைப் பாத்துட்டு இது முரட்டு மீன், சண்டை ஒண்ணுதான் தெரியும்னு முடிவு பண்ணிடுறோம். 2001-ல கிளேர் டூட்ரெலான், பீட்டர் மக்ரெகர், ரூயி ஒலிவேரா மூணு பேரும் ரெண்டு ஆண்களை மோத விட்டு, ஓரத்துல பார்வையாளரா யாரையாவது வச்சுப் பாத்தாங்க. பெண் ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தா ஆண்கள் கடிக்கிறதைக் குறைச்சுக்குது, செவுள் மூடியை விரிக்கிறது, வாலை அடிக்கிறதுன்னு பெண்ணுக்கும் பிடிக்கிற மாதிரி காட்சிகளைக் கூட்டிக்குது. எதிராளிகிட்ட நடக்கிற சண்டைக்குள்ளயே ஒரு காதல் கடிதம் ஓரத்துல நிக்கிற பெண்ணுக்குப் போகுது. அதைவிட எனக்குப் பிடிச்சது 2003-ல வந்த இன்னொரு ஆய்வு. சண்டையில தோத்த ஆணுக்கு ரெண்டு பெண்கள். ஒண்ணு அது தோத்ததைப் பாத்த பெண், இன்னொண்ணு எதையும் பாக்காத பெண். தோத்த ஆண், பாக்காத பெண்கிட்டதான் அதிகமா ஆடிக் காட்டுது! இதுல எங்க பயம் இருக்கு? ரெண்டு பெண்ணும் அதை அடிக்கப் போறதில்ல. யாருக்குத் தன் கதை தெரியும், யாருக்குத் தெரியாதுங்கிற வித்தியாசம்தான் இங்க நடத்தையைத் தீர்மானிக்குது. ஜெயிச்சவன் யாருன்னு பெண்கள் கவனிக்கிறதும் உண்மைதான், சண்டையைப் பாத்த பெண்கள் ஜெயிச்ச ஆணை முதல்ல தேடிப் போறதை டூட்ரெலானும் மக்ரெகரும் அதுக்கு முன்னாடியே காட்டியிருந்தாங்க. அப்படிப் பாத்தா தோத்த ஆணோட தேர்வுல ரொம்ப நல்ல தர்க்கம் இருக்கு.

இந்த இடத்துல "சரி, வெளிய நடக்கிறது நடத்தை, உள்ள இருக்கிறதுதானே இயல்பு"ன்னு சிலர் பிரிச்சுப் பேசுவாங்க. அந்தப் பிரிவினையே நிக்காது. 2005-ல சப்ரீனா பர்மெய்ஸ்டர், எரிக் ஜார்விஸ், ஃபெர்னால்ட் மூணு பேரும் பர்ட்டோனி இருக்கிற ஒரு தொட்டியில இருந்து தலைமை ஆணை இருட்டுல எடுத்துட்டாங்க. விளக்கு எரிஞ்சதும் அடங்கின ஆணுக்கு இடம் காலின்னு தெரியுது. சில நிமிஷத்துல உடம்புல நிறம் ஏறுது, கண்கிட்ட கோடு வருது, எல்லை பிடிக்க ஆரம்பிக்குது. அதே வேகத்துல மூளையில இனப்பெருக்கத்தை நடத்துற பகுதியில ஒரு மரபணு விழிச்சுக்குது. அடுத்தடுத்த நாட்கள்ல அந்தப் பகுதியோட நரம்பு செல்களே பெருசாகுது. தலைமை ஆணோட செல் அடங்கின ஆணோடதைவிட எட்டு மடங்கு வரைக்கும் பெருசா இருக்கலாம்னு ஃபெர்னால்டோட ஆய்வுக்கூடம் 1990-லயே காட்டியிருக்கு. நிலை போனா செல்லும் திரும்பச் சுருங்கிடும். பெண்ணுக்கும் இதே கதைதான். 2010-ல முட்டை நிறைஞ்ச பர்ட்டோனிப் பெண்களுக்கு ரெண்டு ஆண்களைக் காட்டி, எதைப் பிடிச்சிருக்குன்னு பாத்துட்டு, அப்புறம் அந்த ரெண்டையும் அதுங்க கண் முன்னாடியே மோத விட்டாங்க. பிடிச்ச ஆண் ஜெயிச்சா பெண்ணோட மூளையில இனப்பெருக்கப் பகுதி சுறுசுறுப்பாகுது. தோத்தா பதட்டத்தோட சம்பந்தப்பட்ட பகுதி சுறுசுறுப்பாகுது. தொட்டுக்கல, பழகல, வேடிக்கை பாத்ததோட சரி. உள்ள எழுதி வச்சிருக்குன்னு சொல்றாங்களே, எழுதினது உண்மைதான். ஆனா அந்த எழுத்தே "சுத்தி யார் இருக்கான்னு பாரு"ன்னுதான் ஆரம்பிக்குது போல இருக்கு.

அடுத்து மோலி. இங்கதான் வாதம் சூடாகுது. மார்ட்டின் பிளாத், இங்கோ ஷ்லுப் இவங்களோட குழு 2008-ல மெக்சிகோ மோலி ஆண்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு ஆணுக்கு ரெண்டு பெண்களைக் காட்டி, எது பிடிச்சிருக்குன்னு முதல்ல தனியாப் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் இன்னொரு ஆணைப் பார்வையாளரா வச்சு அதே சோதனை. பார்வையாளர் இருக்கும்போது ஆணோட வேகம் குறையுது, அதோட பலதும் முதல்ல தனக்குப் பிடிக்காத பெண்கிட்ட போகுது. மோலி ஆண்கள் ஒண்ணைப் பாத்து ஒண்ணு இணையைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் உள்ளதுங்க. அதனால தனக்கு எது பிடிச்சிருக்குன்னு போட்டியாளனுக்குத் தெரியாம மறைக்குது, ஏமாத்துதுன்னு அந்த ஆய்வாளர்கள் விளக்கம் கொடுத்தாங்க. இதுக்கு எதிரா ஒரு நல்ல கேள்வி இருக்கு: இதை ஏமாத்துன்னு சொல்லணுமா? பார்வையாளரைக் கண்டு கவனம் சிதறினா பிடிச்சது பிடிக்காததுங்கிற வித்தியாசம் தானா குழம்பாதா? இந்த எதிர்ப்புக்கு மரியாதை கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன். கவனச் சிதறல்னா ரெண்டு பெண்ணும் சமமா வரணும், பிடிக்காத பக்கமாச் சாயக் கூடாதுன்னு பதில் சொல்லலாம்தான். ஆனாலும் "ஏமாத்து"ங்கிற சொல் மீன் மனசுக்குள்ள நாம பாக்க முடியாத ஒரு எண்ணத்தை வைக்குது. என் வாதத்துக்கு அந்தச் சொல் தேவையே இல்ல. எண்ணம் எதுவா இருந்தாலும், பாக்கிற ஒரு ஆண் வந்து நின்னதால காதலோட திசையே மாறிடுச்சு. நான் சொல்ல வந்ததுக்கு அது போதும்.

பெண்கள் பக்கம் வருவோம். கப்பி எல்லாருக்கும் தெரியும் (கொசுப்புழுவைத் தின்னட்டும்னு நம்ம ஊர்க் கிணத்துலயும் தொட்டியிலயும் விடுறாங்களே, அதேதான்). பூர்வீகம் டிரினிடாட் பக்கத்து ஓடைகள். கப்பிப் பெண்ணுக்கு ஆரஞ்சு நிறம் அதிகமா உள்ள ஆண் பிடிக்கும், இது பல ஆய்வுகள்ல பாத்தது. 1992-ல லீ டுகாட்கின் ஒரு பெண்ணை வேடிக்கை பாக்க வச்சாரு. இன்னொரு பெண் ஒரு ஆண்கிட்ட நிக்கிறதை அது பாக்குது. அப்புறம் ரெண்டு ஆண்களுக்கு நடுவுல அதை விட்டா, இன்னொரு பெண் பக்கத்துல நின்ன ஆணைத்தான் தேர்ந்தெடுக்குது. ஜான் கை கோடினோட சேர்ந்து பண்ண அடுத்தடுத்த சோதனைகள்ல, பெண் ஏற்கெனவே செஞ்ச தேர்வைக்கூட இப்படி மாத்த முடியும்னு காட்டினாரு. வயசுல சின்னப் பெண்கள் பெரிய பெண்களைப் பாத்துப் பண்ணுது, பெருசுங்க சின்னதுங்களைப் பாத்துப் பண்றதில்லன்னும் தெரிஞ்சுது. எனக்கு இந்தக் கடைசி விவரம்தான் ரொம்ப முக்கியமாப் படுது. கண்ணை மூடிக்கிட்டுக் கூட்டத்தோட போகுதுன்னா யாரைப் பாத்தாலும் ஒண்ணுதானே? இங்க யாரோட தீர்ப்புக்கு மதிப்பு இருக்குன்னு ஒரு தரம்பிரிப்பு நடக்குது.

இதுக்கு வந்த எதிர்ப்பை மறைக்கக் கூடாது. 1990-கள்லயே வேற குழுக்கள் கப்பியை வச்சு இதே மாதிரி சோதனை பண்ணப்ப, பாத்துப் பின்பற்றுறதுக்கு ஆதாரமே கிடைக்கலன்னு எழுதினாங்க. வேற இடத்துக் கப்பிகள், கடைக் கப்பிகள், வேற தொட்டி அமைப்பு. "பாத்தீங்களா, எல்லாம் ஒரு ஆய்வுக்கூடத்தோட கதை"ன்னு சொல்றவங்க இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. எல்லாக் கப்பியும் எப்பவும் அடுத்தவளைப் பாத்துதான் தேர்ந்தெடுக்கும்னு யாராவது சொன்னா, அது இந்த முடிவுகள் முன்னாடி நிக்காது, ஒத்துக்கிட்டுதான் ஆகணும். ஆனா டுகாட்கினே 1996-ல இன்னும் நுணுக்கமான ஒரு கேள்வியைப் போட்டுப் பாத்தாரு: ஆண்களோட ஆரஞ்சு நிறத்துல வித்தியாசம் எவ்வளவு இருக்கும்போது சுத்தியிருக்கிறவங்க பேச்சு எடுபடும்? வித்தியாசம் 12 சதவீதமோ 25 சதவீதமோ இருந்தா, இன்னொரு பெண் மங்கலான ஆண் பக்கம் நிக்கிறதைப் பாத்த பெண் தானும் அந்த மங்கலான ஆண்கிட்ட போகுது. 40 சதவீத வித்தியாசம் வந்தா எதைப் பாத்திருந்தாலும் நிறம்தான் ஜெயிக்குது. சமூகம் எல்லாத்தையும் தீர்மானிக்குதுன்னு இது சொல்லல. ரெண்டு பேர் கிட்டத்தட்ட சமமா இருக்கும்போது, தெரியாத ஊர்ல கூட்டம் இருக்கிற ஹோட்டலுக்குள்ள நுழையிற மாதிரி, மத்தவங்களோட தேர்வு ஒரு துப்பா உதவுது. பளிச்சுன்னு வித்தியாசம் தெரிஞ்சா துப்பு எதுக்கு? இப்படிப் பாத்தா ஒரு இடத்துல கிடைச்ச முடிவு இன்னொரு இடத்துல கிடைக்காம போறது எனக்கு ஆச்சரியமா இல்ல. சூழலைப் பொறுத்ததுன்னு சொல்ற ஒரு குணம் சூழல் மாறினா மாறத்தானே செய்யும். (இதையே சாக்கா வச்சு எந்தத் தோல்வியையும் மழுப்பிடலாம்னு ஒரு ஆபத்து இருக்கு. அதனாலதான் 12, 25, 40 மாதிரி எங்க மாறும்னு முன்கூட்டியே எல்லை சொல்ற சோதனைகள் முக்கியம்.)

இந்தப் பார்வை இல்லாம விளங்கவே விளங்காத ஒரு புதிர் இருக்கு, அதைச் சொல்லாம நகர முடியாது. டெக்சாஸ்லயும் வடகிழக்கு மெக்சிகோவுலயும் அமேசான் மோலின்னு ஒரு மீன் இருக்கு. இனமே முழுக்கப் பெண்கள்தான். 1932-ல ஹப்ஸ் தம்பதி இதைப் பத்தி எழுதினப்ப, ஆணே இல்லாம இப்படி வாழ்ற முதுகெலும்பு உள்ள உயிரினம் ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்கு முதல் தடவையாத் தெரிஞ்சுது. முட்டை வளரத் தொடங்க இதுக்கு வேற இன ஆணோட விந்து வேணும், ஆனா அந்த ஆணோட மரபணு குட்டிக்குப் போகாது. குட்டி அப்படியே தாயோட நகல். அப்ப விந்து கொடுக்கிற செயில்ஃபின் மோலி ஆணுக்கு இதுல என்ன லாபம்? வாரிசு கிடையாது, நேரமும் சக்தியும் வீண். ரெண்டு மீனை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது கஷ்டம். 1994-ல ஷ்லுப், கேத்தரின் மார்லர், மைக்கேல் ரயன் மூணு பேரும் சயன்ஸ் இதழ்ல ஒரு பதில் கொடுத்தாங்க. ஒரு செயில்ஃபின் ஆண், அமேசான் மோலியோட இருக்கிறதைப் பாத்த செயில்ஃபின் பெண்கள், அந்த ஆணை அதுக்கு முன்னாடி இருந்ததைவிட அதிகமா விரும்புது. அமேசான் மோலியால வாரிசு இல்ல, ஆனா அதைப் பாத்துக்கிட்டு இருக்கிற மூணாவது மீனால வாரிசு கிடைக்கலாம். வீண்னு தோணினதுக்குள்ள ஒரு வரவு ஒளிஞ்சிருக்கு. இது மட்டுமே முழுக் காரணம்னு நான் சொல்லல, ஆண்கள் ஆள் மாறிப் போறதும் உண்டு. ஆனா ஒரு இனமே பிழைச்சுக் கிடக்கிறதுல வேடிக்கை பாக்கிற கண்ணுக்கு ஒரு பங்கு இருக்குங்கிறது லேசான விஷயமா?

கடைசியா, எல்லாரும் கேக்கிற கேள்வி: "இதெல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள்ள நடந்தது. ஆத்துலயும் கடல்லயும் மீனுக்கு ஆயிரம் வேலை. அங்கயும் இப்படியா?" தொட்டி விஷயத்தை மிகைப்படுத்தும்கிறது நியாயமான சந்தேகம்தான். ஓட எடமில்ல, பாக்காம இருக்க முடியாது. அதனால வெளிய நடந்ததைப் பாப்போம். கிளாடியா விட்டேவும் ரயனும் செயில்ஃபின் மோலி ஒண்ணைப் பாத்து ஒண்ணு இணை தேடுறதை டெக்சாஸ்ல ஆத்துலயே சோதிச்சு 2002-ல வெளியிட்டாங்க, அங்கயும் அதே போக்குதான். சுவீடனோட மேற்குக் கரைக் கடல்ல இரட்டைப்புள்ளி கோபின்னு ஒரு சின்ன மீன் இருக்கு. ஆண் சிப்பி ஓட்டுக்குள்ள முட்டையைக் காவல் காக்கும். எலிசபெத் ஃபோர்ஸ்கிரன் குழு 2004-ல நேச்சர்ல எழுதினது இதைப் பத்திதான். மே மாசத்துல, பருவம் தொடங்கும்போது, ஆண்கள்தான் பெண்களைத் துரத்தித் துரத்தி ஆடுது, தங்களுக்குள்ள சண்டையும் போடுது. ஜூலை வரும்போது ஆண்கள் எண்ணிக்கை வெகுவாக் குறைஞ்சுடுது, முட்டை நிறைஞ்ச பெண்கள் நிறைய இருக்கு. இப்ப பெண்கள் தங்களோட ஆரஞ்சு வயித்தைக் காட்டி ஆண்களைச் சுத்தி ஆடுது, ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஒரே கடல், ஒரே இனம், ரெண்டு மாசம்தான் இடைவெளி. "ஆண் தேடும், பெண் தேர்ந்தெடுக்கும்"கிற பழைய சூத்திரம் அங்க மே மாசத்துக்கு மட்டும்தான் பொருந்துது. தண்ணி சூடு, வயசுன்னு வேற காரணங்களும் கூட இருக்கலாமேன்னு கேக்கலாம். ஒரு பருவம் நகரும்போது எல்லாமே சேர்ந்துதான் நகருது, அதனால இந்த ஒரு சான்றை மட்டும் வச்சு நான் நிக்கல.

அந்தச் சந்தேகத்துக்கு கரீபியன் பவளப்பாறையில வாழ்ற நீலத்தலை ராஸ் மீன்கிட்ட பதில் இருக்கு. அங்க பருவம் மாறல, மனுஷங்க போய் ஒரே ஒரு மீனை எடுத்தாங்க. பாறையில ஆதிக்கம் பண்ற நீலத்தலை ஆணை எடுத்துட்டா, அங்க இருக்கிற பெரிய பெண் ரொம்பச் சீக்கிரத்துல, உடம்பு ஆணா மாறுறதுக்கு எவ்வளவோ முன்னாடியே, ஆணோட நடத்தைக்கு மாறிடுது. மத்த பெண்கள்கிட்ட ஆண் மாதிரியே ஆடிக் காட்டும். முட்டைப்பை விந்துப்பையா மாறுறதுக்கு அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல ஆகும். "உள்ள ஹார்மோன் மாறுது, அதனால ஆட்டம் மாறுது"ன்னு சொல்லலாமா? 1996-ல ஜான் காட்வின், டேவிட் க்ரூஸ், ராபர்ட் வார்னர் மூணு பேரும் முட்டைப்பையையே அறுவை செஞ்சு எடுத்துட்ட பெண் மீன்களை வச்சுப் பாத்தாங்க. ஆண் இல்லாத பாறையில அந்தப் பெண்களும் ஆணா நடந்துக்கிட்டு, மத்த பெண்களோட ஜோடி சேர்ந்து நீந்துச்சு. முட்டைப்பையும் இல்ல, விந்துப்பையும் இல்ல. ஆட்டத்தைத் தொடங்கி வச்சது காலியான ஒரு இடம்தான்.

வார்னர் இதே மீனை வச்சு பனாமாவோட சான் பிளாஸ் தீவுகள் பக்கத்துல பண்ண இன்னொரு வேலைதான் என்னை அதிகமா யோசிக்க வைக்குது. இந்த மீன்கள் பாறையில குறிப்பிட்ட சில இடங்கள்லதான் ஜோடி சேரும். அவர் 12 வருஷம் கவனிச்சதுல இடங்கள் மாறவே இல்ல, அதுக்குள்ள மீன்கள் நாலு தலைமுறை மாறியாச்சு. நல்ல இடம்னு ஏதோ காரணத்தால அதைத் தேர்ந்தெடுக்குதுன்னுதான் யாருக்கும் தோணும். அதைச் சோதிக்க, சில பாறைகள்ல இருந்த மொத்த மீனையும் எடுத்துட்டு வேற இடத்து மீன்களைக் கொண்டுவந்து விட்டாரு. புதுசா வந்ததுங்க பழைய இடங்களைத் தேடிப் பிடிக்கல. வேற இடங்களைத் தங்களோட இடமாக்கிக்கிச்சு, அப்புறம் அதுவே அங்க நிலைச்சுது. 1988-ல நேச்சர்ல வந்த முடிவு இது. பழைய கூட்டம் அங்க கூடிக்கிட்டிருந்ததுக்கு அந்தப் பாறையோட அமைப்பு மட்டும் காரணம் இல்ல, முன்னாடி இருந்ததுங்க அங்க கூடினதும் ஒரு காரணம். இன்னைக்கு அந்தப் பாறை மேல ஒரு நீலத்தலை ஆண் குறிப்பிட்ட ஒரு மூலையில நின்னு ஆடிக்கிட்டு இருந்தா, அது ஏன் அங்க நிக்குதுங்கிறதுக்கு அதோட உடம்புக்குள்ள மட்டும் தேடினா பதில் கிடைக்காது. எப்பவோ செத்துப்போன மீன்கள் எங்க கூடுச்சுன்னும் கேக்கணும்.